‘இல்லை’ என்ற கட்டத்தில் நான் போட்ட டிக்

ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு என்னைப் பற்றி முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உண்மை. அதில் பாதியைப் பேசியே கழித்தவன் என்பதும் உண்மை. கூட வேலை செய்தவர்கள் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. பிரிவு உபசார விருந்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ‘இனிமேலாவது நேரத்தைப் பார்த்துப் பேசவும்’ என்று அதன் அட்டையில் எழுதியிருந்தது. கடிகாரம் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

மெஷினை எப்படி ஓட்டுவது, ட்யூபை எந்தக் குளிரில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. போனால் என் அறிவின் ஆழம் வெளியே தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது, ஒரு ஃபாரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும் ஒரு கட்டத்தில், சிரித்துக்கொண்டே நான் போட்ட ஒரு டிக்கைப் பற்றி. பணியில் நான் செய்த பிழைகளைத் தேர்தலில் நிறுத்தினால் மற்றதெல்லாம் டெபாசிட் இழக்க, இதுதான் ஜெயிக்கும். அந்த டிக் ஒரு அம்மாவின் உயிரை எடுத்திருக்கக்கூடும்.

எங்கள் மருத்துவமனை மலேசியாவின் வடக்கே, கெடா மாநிலத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்வதில்லை, அது கோலாலம்பூரில், நம் வாயில் கே.எல்.லில். ஆனால் நோயாளி எங்கள் ஊர்க்காரர் என்றால் முதல் கட்ட வேலை எங்கள் தலையில்தான். யார் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், இரண்டு பேருக்கும் ரத்த வகை ஒத்துப்போகிறதா, வாங்குகிறவர் ரத்தத்தில் கொடுக்கிறவருக்கு எதிராக ஏதேனும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் என்றால் யாருக்கும் புரியாது. ஆன்டிபாடி என்றாலும் புரியாது. அதனால் எனக்கென்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

“தோட்டத்து வாசல்ல ஒரு ஜாகா உக்காந்திருப்பாருல்ல? ஒருதடவை உள்ள வந்து கலாட்டா பண்ணினவன் மூஞ்சிய மறக்கமாட்டாரு. ரெண்டாவது தடவை வந்தா, கேட்டுலயே புடிச்சிருவாரு. அந்த ஜாகாதான் ஆன்டிபாடி.”

காவலாளியை ஜாகா என்று அழைத்து வளர்ந்த மக்களுக்கு இது உடனே புரிந்துவிடும். என் பெருமையும் அதுதான். டாக்டர்கள் அரை மணி நேரம் சொல்வதை நான் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்று நான்கு பேர் பாராட்ட, தலைக்கு மேல் கொம்பு முளைத்துவிட்டது. அந்தக் கொம்பு முறிந்த கதை இது.

பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். உதிர்ந்த பழம் பொறுக்குகிற வேலை. கண் இரண்டும் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கட்டி, நடக்கும்போது மூச்சு வாங்கியது. கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது, மாற்று வைக்காவிட்டால் தீபாவளி வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது தீபாவளிக்கு மூன்று மாதம்கூட இல்லை. கூட வந்தவர் கணவர் மணியம் அண்ணன். அதே தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் சரவணன், தஞ்சோங் டாவாயில் மீன்படகு இன்ஜின்களைப் பழுதுபார்க்கிறவன். இளையவள் யோகேஸ், கூலிமில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பேருக்கும் அம்மாவின் ரத்த வகையேதான். இரண்டு பேரும் கல்லீரல் கொடுக்கிறேன் என்று நின்றார்கள். அண்ணன் தங்கை சண்டை என்றால் என்னவோ ஏதோ என்று நினைப்போம். இவர்கள் ஆபரேஷன் மேசையில் யார் படுப்பது என்று சண்டை போட்டார்கள்.

“நீ சும்மா இரு லா. நைட் ஷிஃப்ட் செஞ்சு செஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி இருக்க.”

“நீ மட்டும் என்ன, டீசல் குடிச்சு வளர்ந்தவன். ஒன் லிவர்ல எண்ணெய்தான் இருக்கும்.”

மணியம் அண்ணனுக்கு மகன் கொடுப்பதில்தான் விருப்பம். யோகேஸுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வயிற்றில் இவ்வளவு பெரிய தழும்பு எதற்கு என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை அவர் சொன்னபோதெல்லாம் யோகேஸ் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

இப்போது ஃபாரத்துக்கு வருகிறேன். கே.எல்.லுக்கு ரத்தத்தோடு சேர்த்து அனுப்பும் குடும்ப விவர ஃபாரம். அதில் பெற்றோர் இருவருக்கும் இடையே ரத்த உறவு உண்டா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இரண்டு கட்டம். ‘உண்டு’, ‘இல்லை’. 

“அக்கா, கோவிச்சுக்காதீங்க, ஃபாரத்துல இருக்கு, கேக்கணும். அண்ணனுக்கும் உங்களுக்கும் ரத்தச் சொந்தம் ஏதும் உண்டா?”

லெட்சுமி அக்காவுக்கு அந்த மஞ்சள் முகத்திலும் வெட்கம் வந்தது. “என்ன தம்பி கேள்வி இது? கூடப் பொறந்தவங்களையா கட்டிக்குவாங்க? அதெல்லாம் கெடையாது.”

“அப்படி ஏதாச்சும் செஞ்சிருந்தா எங்கப்பா என்னை உயிரோட விட்டிருப்பாரா லா?” என்றார் மணியம் அண்ணன்.

“அப்ப ரெண்டு பேருக்கும் சண்டை போடுற சொந்தம் மட்டும்தான்?”

“அது தெனமும்.”

எல்லோரும் சிரித்தோம். நான் ‘இல்லை’யில் டிக் போட்டேன். எவ்வளவு அழகான டிக் என்கிறீர்கள்! வால் மேலே தூக்கி, கொண்டைச் சேவல் மாதிரி நின்றது.

சில நாளில் கிராஸ்மேட்ச் முடிவு வந்தது. அம்மாவின் ரத்தத்தை ஒவ்வொரு பிள்ளையின் அணுக்களோடும் சேர்த்துப் பார்க்கும் சோதனை. பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் பொதுவாகக் கொஞ்சம் ஆன்டிபாடி இருக்கும். காரணம் சிக்கல் இல்லை. பிள்ளை என்பது பாதி அப்பா. அந்தப் பாதியைச் சுமந்தபோதே அம்மாவின் ஜாகா அப்பா முகத்தைக் குறித்து வைத்துக்கொள்வார். லெட்சுமி அக்காவுக்கும் இருந்தது. ஆனால் யோகேஸுக்கு எதிராக மட்டும். அதுவும் பலவீனமாக. சரவணனுக்கு எதிராக ஒரு துளிகூட இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி சுத்தமான ரிப்போர்ட்.

முடிவைக் குடும்பத்திடம் சொல்வது டாக்டரின் வேலை. ரேடியோவுக்கு அது தெரியும். ஆனால் ரேடியோவுக்கு சுவிட்ச் வெளியில் இல்லை. காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அவர்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் என் கால் தானாகப் போனது.

“சரவணா, நூத்துக்கு நூறு! ஒங்கம்மாவோட ஜாகாவுக்கு ஒன்னைப் பாத்தா வெளியாளாவே தெரியல. சலாம் போட்டுக் கதவத் திறந்துட்டாரு!”

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். மணியம் அண்ணன் மகனின் முதுகில் அறைந்தார். அந்தச் சந்தோஷத்தில் நான் பக்கத்தில் இருந்த யோகேஸைப் பார்த்துச் சொன்னேன்: “நீ ஃபெயிலு யோகேஸ். ஒன்னைக் கண்டா ஜாகா கம்ப எடுக்குறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஃபேக்டரி அட்டையைத் திருப்பி நேராக வைத்தாள்.

“ஓகே அங்கிள்,” என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மனிதன் தன் நகைச்சுவையைக் கேட்டு யார் சிரிக்கவில்லை என்று பார்க்கப் பழகினால் பாதி பிழை குறையும். நான் சிரித்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு பசியாறப் போனேன்.

தேதி குறித்தாகிவிட்டது. சரவணன் லீவு எடுத்தான். அக்காவை வார்டில் சேர்த்தார்கள். அறுவைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கே.எல்.லிலிருந்து திசு வகைப் பட்டியல் வந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு அடையாளச் சட்டை உண்டு. அதில் பாதி அம்மா தைத்தது, பாதி அப்பா தைத்தது. அதனால் பட்டியலில் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு எண்கள் இருக்க வேண்டும். சரவணன் தாளில் வரிசைக்கு ஒரு எண்தான் இருந்தது. பக்கத்துக் கட்டம் காலி. ‘மாதிரி சரியில்லை போலிருக்கிறது, இன்னொரு ட்யூப் அனுப்பவும்’ என்று அடியில் குறிப்பு.

நான் ட்யூபை எடுத்து லேபிள் ஒட்டத் தொடங்கிவிட்டேன். அப்போது பக்கத்து மேசையில் ஒரு மலாய் பெண் இருந்தார். பாலிங் ஊர்க்காரர். வேலைக்கு வந்து மூன்றே வருடம். வயதில் என் மகள் மாதிரி. ஆனால் என்னைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் அவர்தான். பெயரைச் சொல்லக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார். நாங்கள் பேசியது மலாயில். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

“அங்கிள், இந்தப் பையன் தாள்ல எல்லா வரிசையிலயும் ஒரு நம்பர்தான் இருக்கு.”

“மெஷின் தே தாரிக் குடிக்கப் போயிருக்கும்.”

“ஒரு வரிசைன்னா மெஷினைத் திட்டலாம். எல்லா வரிசையுமா?”

“வழியில ரத்தம் சூடாயிருக்கும்மா. கே.எல்.லயே அதான் சொல்றாங்க. பெரிய எடம்.”

அவர் விடவில்லை. நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். “அம்மா கொடுத்த பாதியும் அப்பா கொடுத்த பாதியும் ஒண்ணாவே இருந்தா? அப்ப ரெண்டாவது நம்பர் எப்படி வரும்?”

“ரெண்டு தனித்தனி ஆளுங்ககிட்ட ஒரே துணி எப்படி வரும்?”

“அவங்க செபுப்புவா இருந்தா?” செபுப்பு என்றால் மலாயில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா, சித்தி, யார் பிள்ளைகளாக இருந்தாலும் எல்லோரும் ஒரே வார்த்தைக்குள் அடக்கம்.

“ஃபாரத்தைப் பாரு. இல்லன்னு டிக் இருக்குல்ல? நானே கேட்டு நானே போட்டது.”

அவர் அந்த டிக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கிள், உங்க வொய்ஃப் உங்களுக்கு ரத்தச் சொந்தமா?”

“சேச்சே! எனக்கா? கெடையவே கெடையாது. கல்யாணம் ஆனதும் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்த ஃபாரத்துலகூட இல்லன்னுதான் போட்டிருக்கேன்.”

“எப்படிச் சந்திச்சீங்க?”

“சந்திக்குறது என்ன? எங்கம்மாவோட அண்ணன் மக. தவழ்ந்த காலத்துலேர்ந்தே தெரியும்.”

அவர் பேனாவின் மூடியை மெதுவாகப் போட்டு மூடினார். அந்த ‘க்ளிக்’ சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. முப்பது வருட அனுபவம், பதினெட்டு இன்ச் இடுப்பு விரிவு, இரண்டு சிறந்த சேவை சான்றிதழ்கள், எல்லாம் சேர்ந்து நாற்காலியில் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தன.

தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேருக்கு இது வேடிக்கையாக இருக்கும். மீதிப் பாதி வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். நமக்குச் சித்தப்பா பிள்ளை கூடப்பிறந்தது மாதிரி, கட்ட முடியாது. மாமன் மகள், அத்தை மகன் என்றால் உரிமை, கட்டாவிட்டால்தான் கோபம். அதனால் ‘ரத்தச் சொந்தமா’ என்று கேட்டால், ‘தப்புக் கல்யாணம் பண்ணினாயா’ என்று கேட்டதாக நம் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கோபத்தோடு, நியாயத்தோடு, முழு மனதோடு ‘இல்லை’ என்கிறார்கள். பொய் சொல்லவில்லை. கேட்டவன் மலாய்க்காரனாகவோ சீனனாகவோ இருந்தால், தெரியாமல் கேட்டான் என்று விடலாம். கேட்டவன் நான். மாமன் மகளைக் கட்டிக்கொண்டு, அவள் சமைத்துக் கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டு வந்து கேட்ட நான்.

மணியம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, லெட்சுமி அக்கா உங்களுக்கு என்ன முறை?”

“எங்க மாமா மகதான். எங்கம்மாவும் அவ அப்பாவும் கூடப் பொறந்தவங்க. ஏன் தம்பி?”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தியும் அதான். ரெண்டு வீட்டுக்குள்ளயே குடுத்து எடுத்துக்கிட்டோம். வெளியில போனதே இல்ல.”

“அன்னிக்கு ஏண்ணே சொல்லல?”

“நீங்க அதைக் கேக்கலியே!”

நூறு சதவீதம் உண்மை. நான் அதைக் கேட்கவில்லை.

ஏதோ சரவணன் சட்டையில் இரண்டு பக்கமும் ஒரே துணி, அதனால் என்ன, இன்னும் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் பாலிங்காரப் பெண்ணிடம் சொன்னேன். “அதனாலதான் அம்மா ரத்தம் அவ்வளவு சுத்தமா ஏத்துக்குச்சு. நல்லதுதானே?”

“அம்மா பையனை ஏத்துக்குவாங்க, அங்கிள். பையனோட கல்லீரல் அம்மாவை ஏத்துக்குமா?”

நான் பேசாமல் இருந்தது பணிக்காலத்தில் மொத்தம் மூன்று முறை. அதில் இது ஒன்று.

கிராஸ்மேட்ச் ஒரு பக்கத்துக் கேள்வி. வாங்குகிறவர் கொடுக்கிறவரை எதிர்க்கிறாரா என்று மட்டும் கேட்கும். மறுபக்கத்தைக் கேட்காது. வழக்கமாகக் கேட்கவும் தேவையில்லை. கல்லீரல் தனியாக வராது. கொடுப்பவரின் காவல் அணுக்கள் கொஞ்சம் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிடும். வாங்குகிறவரின் காவல்காரர்கள் அவற்றை வெளியாள் என்று கண்டுபிடித்துத் துரத்திவிடுவார்கள். சரவணனின் அணுக்களில் அம்மாவுக்கு அந்நியமாக ஒன்றுமே இல்லை. அதனால் யாரும் துரத்தமாட்டார்கள். ஆனால் அம்மாவின் சட்டையில் இன்னொரு பாதித் துணி இருக்கிறது, சரவணனிடம் இல்லாதது. வந்த அணுக்கள் அதைப் பார்த்து, இந்த உடம்பே வெளியாள் என்று முடிவு செய்தால்? தோலில் தொடங்கிக் குடல், எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் வரை எல்லாவற்றையும் தாக்கும். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் மீள்வது அதைவிட அரிது. எதிர்ப்பே இல்லாத அந்தச் சுத்தமான ரிப்போர்ட்தான் ஆபத்தின் அடையாளம். நான் அதைப் பார்த்து நூற்றுக்கு நூறு என்று கத்தினவன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு கே.எல்.லில் மருத்துவர்கள் கூடி அறுவையை உறுதி செய்வதாக இருந்தார்கள். மணி ஒன்று பத்து. என் மூளை எப்படி வேலை செய்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில், அவர்கள் பெரிய டாக்டர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று சொன்னது. இரண்டாவது, இன்னொரு ட்யூபை அனுப்பிவிடு, அடுத்த முறையும் ஒரே எண் வந்தால் அவர்கள் பாடு என்றது. மூன்றாவதாக, எங்கள் கோப்பில் இருந்த ஃபாரத்தை எடுத்து அந்த டிக்கை ‘உண்டு’க்கு மாற்றிவிட்டு, ‘உங்களிடம் இருப்பது தவறான பிரதி’ என்று சொல்லலாம் என்றது. ஓய்வூதியத்துக்கு நான்கு வருடம் இருந்த மூளை. அந்த வயதில் மூளை உயிரைக் காப்பாற்றுவதைவிட முகத்தைக் காப்பாற்றுவதில் சுறுசுறுப்பாக இருக்கும்.

பாலிங்காரப் பெண் போனை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தன் மேசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் அவமானப்படுவதைப் பார்க்காமல் இருப்பது அவர் எனக்குக் கொடுத்த மரியாதை.

கே.எல். டாக்டர் போனை எடுத்தார். சொன்னேன்.

“ஃபாரத்துல உறவில்லன்னுல்ல இருக்கு? அதை நம்பித்தான் மாதிரி கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். யார் நிரப்பினது?”

வெயில், அஞ்சல்காரர், ஃபாரத்தை அச்சடித்தவர், மணியம் அண்ணன் என்று ஒரு வரிசையே என் நாக்கின் நுனியில் நின்றது.

“நான்தான் டாக்டர்.”

“கேட்டுட்டுத்தானே போட்டீங்க?”

“கேட்டேன். எங்க ஆளுங்ககிட்ட கேக்குற மாதிரி கேக்கல.”

அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “தேதியை நிறுத்துறேன். பையன் ட்யூப் மட்டும் போதாது. அப்பா, அம்மா, பிள்ளைங்க ரெண்டு பேர், நாலு பேர் ரத்தமும் இன்னிக்கே அனுப்புங்க.”

நான்கு ட்யூபும் அன்று மாலையே புறப்பட்டன. முடிவு வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு பாதி ஒன்றேதான். அதையே இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு பிறந்தவன் சரவணன். யோகேஸ் அப்பாவின் மறுபாதியை வாங்கியவள்.

எங்கள் டாக்டர் வார்டில் அக்காவின் கட்டிலைச் சுற்றிக் குடும்பத்தை உட்கார வைத்து முறையாக விளக்கினார். அவர் போனதும் நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு போட்ட வாய் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

சரவணன்தான் முதலில் பேசினான். “அப்ப எங்கம்மாவுக்கு நான் விஷமா அங்கிள்?”

“இல்லப்பா. நீ அவங்கள மாதிரியேதான். அதான் கஷ்டம். நீ உள்ள போனா அவங்க ஜாகா கும்புட்டு விட்டுருவாரு. ஒங்கூட வர்ற ஒன் ஜாகா, அவங்க வீட்டுக்குள்ள போயி அவங்களையே ‘நீ யாரு’ன்னு கேப்பாரு. அவரை வெளியேத்த ஆளிருக்காது.”

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தப்பு அவனுடையது அல்ல, என் டிக்குடையது என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். மணியம் அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “அப்ப யாரு கொடுக்குறது?” என்று மட்டும் கேட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

“நான் இருக்கேன்ல,” என்றாள் யோகேஸ்.

“நீ சின்னப் பொண்ணு...”

“இருபத்தாறு வயசுப்பா. தழும்பு சட்டைக்குள்ள இருக்கும். அதைப் பாத்துட்டு வேணாங்குறவன் எனக்கும் வேணாம் லா.”

கட்டிலிலிருந்து லெட்சுமி அக்கா குரல் கொடுத்தார். “எனக்கு ஒண்ணும் வேணாம். எம் பொண்ணு வயித்துல கத்தி வைக்க வேணாம்.”

“நீங்க பேசாம படுங்கம்மா. அங்கிள், ஒரு கேள்வி. நான்தான் ஃபெயிலாச்சே. அம்மாவோட ஜாகா என்னைக் கண்டா கம்ப எடுப்பாருன்னு சொன்னீங்களே?”

நான் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பித் தந்தாள். வாங்கிக்கொண்டேன். “எடுப்பாரு. ஆனா வயசான ஜாகா. கம்பு சின்னது. மருந்து கொடுத்துத் தூங்க வைக்கலாம். கல்லீரல் மத்த உறுப்பு மாதிரி இல்ல, தாங்கிக்கும். ஒங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் வேத்துமை இருக்குறதுதான் நல்லது. ஒங்கூட வர்றவங்க ஆட்டம் போட்டா, அம்மா ஒடம்பு அவங்கள அடக்கிரும்.”

“அப்ப நானும் அம்மாவும் சண்டை போட்டாத்தான் நல்லதுங்குறீங்க?”

“அந்த மாதிரிதான்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். “பாத்தீங்களாம்மா? இத்தனை வருசமா பயிற்சி எடுத்திருக்கோம்.”

லெட்சுமி அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

முடிவு அந்த அறையிலேயே எடுக்கப்பட்டதாக நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு யோகேஸைத் தனியாக, அப்பாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல், வேறு டாக்டர்கள் உட்கார வைத்து விருப்பத்தோடுதான் கொடுக்கிறாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஆமாம் என்றே சொன்னாள். கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டிய முறையில் கேட்டார்கள். நான் வெளியே காப்பி மெஷின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சொன்னேனே, மூன்று முறை என்று. இது இரண்டாவது.

அறுவை நடந்த நாளில் சரவணன் கே.எல். மருத்துவமனைத் தரையில் உட்கார்ந்து, யாரோ ஒருவரின் கெட்டுப்போன மின்விசிறியைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தானாம். கைக்கு வேலை இல்லாமல் இருக்க முடியவில்லை என்றானாம். அம்மாவின் உடம்பு இரண்டாம் வாரத்தில் ஒருமுறை முறைத்துப் பார்த்தது. மருந்தைக் கூட்டினார்கள், அடங்கியது. தீபாவளிக்கு அக்கா பாடாங் மேஹாவில் இருந்தார். முறுக்கு சுடவில்லை, மகள் சுட்டதைக் குறை சொல்லிக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு காரியம்: எங்கள் அலுவலகத்துக்குப் போய், என் சொந்தச் சர்வீஸ் கோப்பில் இருக்கும் ஃபாரத்தைத் திருத்த வேண்டும் என்றேன். எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஏன் என்று கேட்டார். “கல்யாணம் ஆகி இருபத்தேழு வருசம் கழிச்சு என் பொண்டாட்டி எனக்குச் சொந்தம்னு தெரிஞ்சிருச்சு” என்றேன். அவர் எனக்கு மனநல ஆலோசகரின் நம்பரைக் கொடுத்தார். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, “இப்பவாச்சும் தெரிஞ்சுதே” என்று சோற்றைப் போட்டார்.

அதன் பிறகு என் மேசையில் ஃபாரம் நிரப்ப உட்கார்ந்த எந்தக் குடும்பத்திடமும் நான் ‘ரத்தச் சொந்தமா’ என்று கேட்டதில்லை. கல்யாணம் எப்படி நடந்தது என்று கதை கேட்பேன். பொண்ணு யார் வீட்டுப் பொண்ணு, மாப்பிள்ளைக்கு என்ன முறை, யார் சீர் கொண்டு வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். கதை கேட்டால் எல்லாம் தானாக வந்துவிடும். அரட்டை அடித்ததற்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கத்துக்கு நான் கடைசி நான்கு வருடத்தில்தான் நியாயம் செய்தேன். 

மற்றபடி உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றே ஒன்று. மிகச் சுத்தமாக ஒரு முடிவு வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டுங்கள். அவர் நேற்று வந்தவராக இருந்தாலும் சரி. நேற்று வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த வருடம் லெட்சுமி அக்கா தொடர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க எங்கள் கவுன்டருக்கு வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை. கூட யோகேஸ். தஞ்சோங் டாவாயிலிருந்து சரவணன் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கவுன்டரில் வைத்தாள். லேப் முழுக்க மணத்தது. பாலிங்காரப் பெண் எட்டிப் பார்த்து, பாதி தனக்கு என்று சைகை காட்டினார்.

“அங்கிள், அம்மா ரிசல்ட் எப்படி?”

“டாக்டர்கிட்ட கேளும்மா. நான் சொல்லக் கூடாது.”

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். “நெசமாவா? ரேடியோ கெட்டுப்போச்சா?”

“சுவிட்ச் வச்சிருக்காங்க.”

“சரி, அது வேணாம். என் ரிசல்ட்ட மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு ஃபெயில்னு சொன்னீங்கல்ல. இப்ப?”

அதற்கு ஒரு நகைச்சுவை என் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. மூன்றாவது முறை அது.

அவள் உள்ளங்கையை விரித்துக் கவுன்டரின் மேல் நீட்டினாள். “பேச வேணாம். போட்டுக் காட்டுங்க.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அக்காவைப் பார்த்தேன். பக்கத்து மேசையைப் பார்த்தேன். அங்கேயிருந்து ஒரு தலையசைப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கையில் ஒரு டிக் போட்டேன்.